பட்டாளத்துக் காகிதமும் ஒரு நாவலும்

1974இல் வெளிவந்த என் இரண்டாவது நாவலை மறுபதிப்புப் போட வேண்டும் என்று ஒரு பதிப்பாளர் கேட்டிருக்கிறார். பிழை திருத்திக் கொடுப்பதற்காக, ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். அச்சுப் பிழைகள் அதிகம் இல்லை. ஆனால் நாவலே ஒரு பிழை என்று எனக்குத் தோன்றியது. பிறர் நாவல்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் தயவு தாட்சண்யம் பார்க்காமல் எழுதியிருக்கிறேன். என்னுடையதை மட்டும் விட்டுவிடுவது நியாயம் அல்ல.

நாவலின் கதை இதுதான். திண்டுக்கல்லுக்குத் தெற்கே ஒரு கிராமத்தான் பட்டாளத்தில் சேர்கிறான். சிங்கப்பூருக்குப் போகிறான். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுகிறது. ஜப்பானியரிடம் கைதியாகிறான். அடுத்த வருஷம் நேதாஜியின் பேச்சைக் கேட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். பர்மா எல்லையில் போராடித் தோற்று ஊர் திரும்புகிறான். சுதந்திர இந்தியாவில் அவனை யாரும் சீந்தவில்லை. மலைக்கோட்டை அடிவாரத்தில் அநாதையாகச் சாகிறான். தேசிய உணர்ச்சி ததும்பும் நாவல் என்று அப்போது மதிப்புரை எழுதினார்கள். புத்தகத்தின் முகப்பில் ஓர் அர்ப்பண வரி இருந்தது: இந்த நாவலின் கதாநாயகனான என் தகப்பனாருக்கு.

என் தகப்பனார் யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். அது உண்மை. அதைப் பற்றி அவர் வீட்டில் சொன்னதெல்லாம் மூன்று வாக்கியங்கள்தான். "பர்மா பக்கம் போனோம். ரோடு போட்டோம். வந்துட்டோம்." இந்த மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு முந்நூற்றுச் சொச்சம் பக்கம் எழுதுவது நாவலாசிரியனின் உரிமை என்று நான் எண்ணியிருந்தேன். ரோடு போட்டவனை வைத்துக் கதை நடக்காது என்பதால் அவனைச் சிங்கப்பூருக்கு அனுப்பினேன்.

புத்தகம் வந்ததும் அவரிடம் ஒரு பிரதி கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நூலால் காதோடு கட்டிக்கொண்டு, நாலு நாள் படித்தார். ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. முடித்துவிட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டிச் சொன்னார்:

"கதையில வர்ற ஆளு நல்ல ஆளாத்தான் இருக்கான். யாருப்பா அது?"

"நீங்கதான், அய்யா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார். நான் அதை அவருடைய வழக்கமான குத்தல் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 1986இல் அவர் காலமானார்.

இரண்டாவது யுத்தத்தில் பணி செய்து பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் விதவைகளுக்கு ராஜ்ய சர்க்கார் மாதாந்திர உதவித் தொகை கொடுக்கிறது என்று யாரோ சொல்லி, அம்மா அதற்கு மனுப் போடச் சொன்னாள். நான் காகிதம் தேடத் தொடங்கியது இலக்கியத்துக்காக அல்ல, இந்த மனுவுக்காக. அய்யாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தகரப் பெட்டிக்குள் கறையான் தின்றுவிட்டிருந்தது. அட்டை மட்டும் மிச்சம். பெட்டியின் அடியில் ஒரு பதக்கம் கிடந்தது. அது தப்பியதற்கும் ஒரு காரணம் உண்டு. நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில், பரீட்சைப் பணம் கட்டுவதற்காக அம்மா அதைத் திண்டுக்கல்லில் ஓர் அடகுக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். கடைக்காரர் உரசிப் பார்த்துவிட்டு, இது வெள்ளி இல்லை, செம்பும் நிக்கலும் கலந்தது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வெள்ளியாக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை இல்லை.

பதக்கத்தின் விளிம்பைப் புளி போட்டுத் துலக்கியபோது எழுத்துக்கள் தெரிந்தன. ஓர் எண், பதவி, பெயர், கடைசியில் 'ஐ. பி. ஸி.' என்று மூன்று எழுத்து. அடுத்த வீட்டு வக்கீலிடம் காட்டினேன். "எனக்குத் தெரிந்த ஐ. பி. ஸி. இந்தியன் பீனல் கோடு ஒன்றுதான். உங்கள் தகப்பனார் எந்த செக்ஷன்?" என்றார். அது இந்தியன் பயனியர் கோர் என்று தெரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பயனியர் என்றால் நம் ஊர்ப் பேச்சில், பட்டாளத்துக்கு முன்னால் போய் மண் வெட்டுகிறவன். மண்வெட்டி, கடப்பாரை, கூடை ஆகியவைதான் அவனுடைய பிரதான ஆயுதங்கள்.

இந்த இடத்தில், பட்டாளத்துக் காகிதம் தேடுவது என்றால் என்ன என்று வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1939இல் சுமார் இரண்டு லட்சம் பேர் கொண்டிருந்த இந்திய ராணுவம் 1945இல் சுமார் இருபத்தைந்து லட்சமாகப் பெருகியது. இவ்வளவு பேருக்கும் ஒரே இடத்தில் ஒரு பேரேடு இருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். இல்லை. சிப்பாய்களின் காகிதங்கள் அந்தந்தப் படைப்பிரிவின் ரிகார்டு ஆபீஸுக்குத்தான் போய்ச் சேரும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் வெல்லிங்டன், மதராஸ் ஸாப்பர்களுக்குப் பெங்களூர், இப்படி. படைப்பிரிவும் எண்ணும் தெரிந்தால்தான் கதவு திறக்கும். பெயரைச் சொல்லிக் கேட்பது, மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் நின்று 'மாரி' என்று கூப்பிடுவது போலத்தான்.

செத்தவர்களைத் தேடுவது சுலபம். ரங்கூனுக்கு வடக்கே டவுக்யன் மயானத்தில், உடல் கிடைக்காத சுமார் 27,000 பேர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சென்னையிலேயே நந்தம்பாக்கத்தில் யுத்த மயானம் இருக்கிறது. காமன்வெல்த் யுத்த மயானக் கமிஷனின் பட்டியலில், இறந்த சிப்பாய் யாருடைய மகன், யாருடைய புருஷன், எந்த ஊர் என்றுகூடப் பல பேருக்குக் குறித்திருக்கிறது. ஆபீஸர்களைத் தேடுவதும் சுலபம். அவர்கள் பெயர்கள் அச்சிட்ட பட்டியல்களில் வந்திருக்கின்றன. உயிரோடு திரும்பி வந்து, சாதாரணமாக வாழ்ந்து, சாதாரணமாகச் செத்த சிப்பாயைத் தேடுவதுதான் கஷ்டம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள கஷ்டமும் அல்ல. முதல் யுத்தத்தில் சேவை செய்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் காகிதங்களில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பரில் லண்டனில் குண்டு விழுந்து எரிந்துபோயின. ஆனால் அவர்கள் மிஞ்சியதைப் பத்திரப்படுத்துகிறார்கள். பிற்காலத்துச் சிப்பாய்களின் லட்சக்கணக்கான காகிதக் கட்டுகளை 2022லிருந்து கியூ ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறார்கள். பஞ்சாபிலிருந்து முதல் யுத்தத்துக்குப் போன சுமார் 3,20,000 பேருடைய பதிவேடுகள் லாகூர் மியூசியத்தில் பல்லாண்டு கிடந்து, 2021இல் பொது ஜனங்கள் பார்வைக்கு வந்தன. அங்கே பேரப் பிள்ளைகள் ஊர் பெயரைச் சொல்லித் தேடுகிறார்கள். இவையெல்லாம் இருந்தும், ஒரு காகிதமும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். 1942-43இல் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோன மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களுக்கு எண் இல்லை, பதக்கம் இல்லை, கல்லில் பெயரும் இல்லை. அதை நினைத்தால் என் தகப்பனாருக்கு ஒரு விளிம்பளவு இடமாவது கிடைத்தது பெரிய காரியம்தான்.

நான் எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில்களையும், வராத பதில்களையும் பற்றிச் சொல்லி வாசகர்களைச் சலிப்பூட்டப் போவதில்லை. 1998இல் ஒரு நாள் தபாலில் நாலு தாள்கள் வந்தன. 'ஷீட் ரோல்' என்பார்கள். சிப்பாயைச் சேர்த்துக்கொள்ளும்போது ஆரம்பித்து அவன் வெளியேறும்வரை குமாஸ்தாக்கள் எழுதிக்கொண்டே வரும் தாள். அதன் நகல்.

முதலில் எனக்கு ஏமாற்றம். அப்புறம், விமர்சகன் என்ற பழக்கத்தால், அதை ஓர் இலக்கியப் பிரதி போல் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். எந்த எழுத்தைப் படித்தாலும், யார் எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள் என்று கேட்பது என் வழக்கம். இதை எழுதியவர்கள் மூன்று நாலு குமாஸ்தாக்கள். ஒருவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒருவருக்கு அவசரம். என் தகப்பனாரின் பெயரை நாலு தாளில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். கிராமம், தாணா, தாசில், தபாலாபீஸ், தந்தியாபீஸ், ரயில்வே ஸ்டேஷன், ஜில்லா என்று கட்டங்கள். நம் ஊரில் யாரும் போலீஸ் ஸ்டேஷனைத் தாணா என்று சொல்வதில்லை. வடக்கத்தியானை மனசில் வைத்து அச்சடித்த தாள் அது. ஜில்லா என்ற இடத்தில் 'மதுரா' என்று இருந்தது. திண்டுக்கல் தனி ஜில்லா ஆனது 1985இல்தானே? ரயில்வே ஸ்டேஷன் அம்பாத்துரை. ஜாதி என்ற கட்டத்தில் 'மதராஸி' என்று ஒரே சொல். ஊரில் தெருவுக்குத் தெரு வேலி போட்டுக்கொண்டிருந்த ஜாதியை அந்தக் குமாஸ்தா ஒரு சொல்லில் அழித்திருந்தார். அவருக்குச் சமத்துவ நோக்கம் ஒன்றும் இருந்திருக்காது. நேரம் இல்லை, அவ்வளவுதான்.

உயரம் ஐந்தடி மூன்றங்குலம். வயது 22. அப்பத்தா கணக்கில் அவருக்கு அப்போது பத்தொன்பது. அடையாளம்: இடது முன்கையில் தழும்பு. அந்தத் தழும்பை எனக்குத் தெரியும். கமலை இறைக்கும்போது வடக்கயிறு அறுத்தது என்று சொல்வார். சிறு பிள்ளையாக அதன்மேல் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். நாலு தாளிலும் நான் என் தகப்பனாரைத் தொட்டது அந்த ஒரு கட்டத்தில்தான். கல்வி என்ற இடத்தில், ரோமன் உருது, மூன்றாம் வகுப்பு என்று இருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய இந்துஸ்தானியை அவர் படிக்கக் கற்றிருந்தார். நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அது எனக்குத் தெரியாது.

சேர்ந்த தேதி 1942 நவம்பர். மதுரை. அந்த வருஷம் ஆகஸ்டில்தான் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம். என் நாவலில் கதாநாயகன் பட்டாளத்தில் சேருவதற்குப் பதினாறு பக்கம் காரணம் சொல்லியிருக்கிறேன். அப்பனோடு சண்டை, ஒரு காதல் தோல்வி, துப்பாக்கிமேல் மோகம் எல்லாம் வரும். தாளில் காரணம் என்று ஒரு கட்டம் கிடையாது. ஆனால் மூன்றாவது தாளின் பின்புறத்தில் 'குடும்ப ஒதுக்கீடு' என்று இருந்தது. மாதம் பத்து ரூபாய், தாயாருக்கு. சேர்ந்த மூன்றாம் மாதத்திலிருந்து 1946 ஜூனில் வெளியே வரும்வரை, ஒரு மாதமும் தவறவில்லை.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. பர்மா அரிசி கப்பலில் வருவது நின்றது. அதற்கப்புறம் அரிசி விலை எங்கே போயிற்று என்பதை அந்தக் காலத்து மனிதர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் நடுவே உள்ள எங்கள் சமவெளி மானம் பார்த்த பூமி. கிணறு வற்றினால் சோளமும் இல்லை. அப்பத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள், அய்யா மூத்தவர். என் பதினாறு பக்கத்துக்கும் அந்தப் பத்து ரூபாய் பதில் சொல்லிவிட்டது. நான் பசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தேசபக்தியை வைத்திருந்தேன்.

நாவலின் முதல் கோளாறு இது. ஆனால் இதோடு நிறுத்தினால் விமர்சனம் பாதிதான். வயிற்றுக்காகப் போனான் என்று எழுதியிருந்தால் நல்ல நாவல் ஆகியிருக்குமா? ஆகியிருக்காது. அதுவும் ஒரு தயாரான சாமான்தான். பசியால் பட்டாளத்துக்குப் போனவனைப் பற்றி இரக்கமாக எழுதுவதற்கும் சூத்திரம் இருக்கிறது.

இந்த யுத்தத்தைப் பற்றித் தமிழில் உயர்வாகச் சொல்லத் தக்கவை ப. சிங்காரத்தின் இரண்டு நாவல்கள். 'கடலுக்கு அப்பால்' 1959இல் வந்தது. 'புயலிலே ஒரு தோணி' 1972இல். சிங்கம்புணரிக்காரர். யுத்தத்துக்கு முன்பே சுமத்ராவில் மெடான் நகரத்துக்குப் பிழைக்கப் போய், யுத்தத்தை அங்கே பார்த்து, பிறகு மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். 'புயலிலே ஒரு தோணி' வந்து இரண்டு வருஷத்தில் நான் என் நாவலை வெளியிட்டேன். அதைப் படித்துவிட்டுத்தான் எழுதினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவருடைய பாண்டியன் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவன் என்பதை எடுத்துக்கொண்டேன். பாண்டியன் அதற்கு முன் யார் என்பதை விட்டுவிட்டேன்.

சிங்காரத்தின் ஆட்கள் முதலில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர்கள், வசூலுக்குப் போகத் தெரிந்தவர்கள், முதலாளியின் முகம் பார்த்துப் பேசத் தெரிந்தவர்கள். துப்பாக்கி அவர்கள் கைக்கு அப்புறம்தான் வருகிறது. ஆகவே அது வரும்போது நமக்கு அதன் கனம் தெரிகிறது. 'கடலுக்கு அப்பால்' நாவலில் யுத்தத்திலிருந்து திரும்பி வந்த செல்லையா, பினாங்கில் முதலாளியுடைய கடைக்கும் அவர் மகள் மரகதத்துக்கும் ஆகாதவனாகிறான். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் வியாபாரத்துக்கு உதவமாட்டான் என்பது முதலாளியின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் வன்மம் இல்லை, தொழில் தெரிந்தவனின் கணக்கு இருக்கிறது. எந்த ரிகார்டு ஆபீஸும் எழுத முடியாத டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட் அது. சிங்காரத்துக்கு வீரத்தைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. வேலையைப் பற்றி உண்டு.

மற்ற மொழிகளில் பார்த்தாலும் இந்த விஷயம் தெளிவாகிறது. ஹிந்தியில் குலேரி 'உஸ்னே கஹா தா' என்ற சிறுகதையை 1915இலேயே, முதல் யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, எழுதிவிட்டார். பிரான்ஸின் பதுங்கு குழியில் சீக்கியச் சிப்பாய் லஹனா சிங். அது தியாகக் கதைதான். ஆனால் அமிர்தசரஸ் கடைவீதியில் அவனைப் பையனாக நாம் பார்த்துவிட்டதால் அந்தத் தியாகத்தை நம்புகிறோம். ஆங்கிலத்தில் எழுதும் அமிதாவ் கோஷின் தகப்பனார் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் ஆபீஸராகப் பர்மாவில் இருந்தவர். 2000இல் வந்த 'கிளாஸ் பேலஸ்' நாவலில் கோஷ், அந்த ராணுவத்து ஆபீஸர் ஒருவன் எதிர்ப் பக்கம் போவதை எழுதினார். ரகு கர்னாட் தம் பாட்டனாரையும் அவருடைய மைத்துனர்கள் இருவரையும் தேடி 2015இல் 'ஃபார்தஸ்ட் ஃபீல்ட்' என்ற புத்தகம் எழுதினார். ஒரு கோழிக்கோட்டுப் பார்ஸிக் குடும்பத்துப் பிள்ளையும், அந்த வீட்டுப் பெண்களைக் கட்டிய இருவரும். ஒருவர் டாக்டர், ஒருவர் விமானி, ஒருவர் என்ஜினீயர். மூவரும் யுத்தத்திலிருந்து திரும்பவில்லை. தேடிக் கண்டதையும் ஊகித்ததையும் சேர்த்து நெய்த நல்ல புத்தகம். ஆனால் அவர்கள் போட்டோவும் கடிதங்களும் வைத்துவிட்டுப் போகிற ஜனங்கள். மண்வெட்டிக்காரனின் மகனுக்கு அந்த வசதி இல்லை.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். வத்தலக்குண்டு என்ற ஒரே ஊர் தமிழ்க் கதை உலகத்துக்கு ராஜமய்யரையும், பி. எஸ். ராமையாவையும், சி. சு. செல்லப்பாவையும் கொடுத்தது. செல்லப்பா சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். அந்தத் தலைமுறையின் போராட்டத்தை வயதான காலத்தில் 'சுதந்திர தாகம்' என்று மூன்று பாகங்களில் எழுதி, சொந்த முயற்சியில் வெளியிட்டார். அவர் காலமான பிறகு 2001இல் சாகித்ய அகாதமி அதற்குப் பரிசு கொடுத்தது. சிறைக்குப் போனவனுக்கு இப்படி ஓர் இலக்கியம் இருக்கிறது. நேதாஜி பக்கம் போனவனுக்குச் சிங்காரம் இருக்கிறார். அதே வருஷங்களில் அதே கிராமங்களிலிருந்து சர்க்கார் பட்டாளத்துக்குப் போனவன் நான் படித்தவரையில் எப்படி வருகிறான்? பெரும்பாலும் மீசை முறுக்கிக்கொண்டு, டீக்கடையில் பர்மாப் பொய் சொல்லும் ஹாஸ்யப் பாத்திரமாக வருகிறான்.

அவன் தப்பான பக்கத்தில் இருந்தான் என்ற கூச்சம் நமக்கு. 1972இல் சர்க்கார் தியாகிகள் பென்ஷன் திட்டம் கொண்டுவந்தபோது இந்தக் கூச்சத்துக்கு ஒரு சட்டமும் கிடைத்தது. தேசிய ராணுவத்தில் இருந்தவர்கள் தியாகிகள். அவர்களும் பாவம், காகிதத்துக்காகவும், கூடச் சிறையிருந்தவர்களின் சாட்சிக் கையெழுத்துக்காகவும் அலைய வேண்டியிருந்தது. மற்றவன் கூலிக்காரன். பர்மா முனையில் இரண்டு பக்கமும் தமிழ் பேசினார்கள் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். என் நாவலைப் பாராட்டிக் கடிதம் எழுதிய வாசகர்களும் நானும் சேர்ந்துதான் மறந்தோம். என் தகப்பனாரை நான் பக்கம் மாற்றினேன் என்றால், அவரைப் பற்றி எனக்குள் ஒரு வெட்கம் இருந்தது என்று அர்த்தம். வெட்கத்தை மறைக்க எழுதிய புத்தகத்துக்குத்தான் அர்ப்பண வரி போட்டிருந்தேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாலாவது தாளின் ஓரத்தில் பென்ஸிலில் ஒரு சொல் இருந்தது: பிட்ஹெஸ். என்னிடமிருந்த எந்த அகராதியிலும் அது இல்லை. பர்மா யுத்தத்தைப் பற்றிய புத்தகங்களில் தேடியபோது கிடைத்தது. பிட்டுமன் என்றால் தார். ஹெஸியன் என்றால் சணல் சாக்குத் துணி. சாக்குத் துணியைத் தாரில் தோய்த்துச் சுருள் சுருளாகக் கொண்டுபோய், சமன்செய்து கெட்டித்த மண்ணின்மேல், ஓரத்தின்மேல் ஓரம் ஏறும்படி விரித்து ஒட்டுவார்கள். ஜல்லி கிடைக்காத, மழை விடாத அஸ்ஸாம், மணிப்பூர், பர்மாப் பக்கத்தில் விமானத் தளங்களுக்கும் பாதைகளுக்கும் இதைத்தான் விரித்தார்கள். 1944 மார்ச் கடைசியிலிருந்து ஜூன் 22 வரை இம்பாலுக்குப் பாதை துண்டிக்கப்பட்டிருந்தது. அத்தனை பட்டாளத்துக்கும் சோறு ஆகாய மார்க்கமாகத்தான் வந்தது. விமானம் இறங்கத் தரை வேண்டும். இந்தத் துணியில் ஒரு சூட்சுமம் உண்டு. துணி பாரம் தாங்காது; மண்தான் தாங்கும். துணியின் வேலை தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பது. ஓர் ஓரம் பிரிந்து தண்ணீர் இறங்கினால் அடியில் மண் சேறாகி எல்லாம் போய்விடும். ஆகவே ஓரமும் வடிகாலும்தான் முக்கியம்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு காட்சி ஞாபகம் வந்தது. 1958 என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் வழியாக முதல் தடவையாகத் தார் ரோடு போட்டார்கள். அய்யா காட்டு வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் அங்கேயே நின்றார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மேஸ்திரியோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

"தண்ணிய வெளியேத்தாம மேல என்னத்தப் பூசினாலும் நிக்காதுப்பா. முதல்ல ஓரத்துல வாய்க்கா எடு."

"ஏண்ணே, நீங்க என்ன ஓவர்சியரா?" என்றான் மேஸ்திரி. தார்ச் சட்டி சுமந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். என்னோடு வந்த பையன்களும் சிரித்தார்கள். நான் அவரைத் தெரியாதவன் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த வருஷம் ஐப்பசி மழையில், அவர் காட்டிய இடத்தில்தான் ரோடு உள்வாங்கியது. அதையும் பார்த்தேன், அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

என் நாவலில் இந்தக் காட்சி இல்லை. சிங்கப்பூர் இருக்கிறது. நான் போகாத சிங்கப்பூர் நாற்பது பக்கம் இருக்கிறது. கண்ணால் கண்ட தார் ரோடு ஒரு வரிகூட இல்லை. தியாகம் என்ற ஒரே தராசை வைத்துக்கொண்டு நாம் யுத்தத்துக்குப் போனவர்களை நிறுக்கிறோம். எந்தக் கொடிக்குக் கீழே நின்றாலும் ஒருவன் ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு அதைச் சரியாகச் செய்திருக்கலாம், அதில் அவனுக்கு ஒரு கௌரவம் இருந்திருக்கலாம், ஊர் திரும்பிய பிறகு அதைக் காட்ட ஓர் இடம் கிடைக்காமல் தவித்திருக்கலாம் என்பதற்கு நம் கதைகளில் தராசு இல்லை. வட்டிக்கடைக்கு அந்தத் தராசு சிங்காரத்திடம் இருந்தது. மண்வெட்டிக்கு யாரிடமும் நான் காணவில்லை. பட்டாளத்துக் காகிதம் நாவல் அல்ல. அதில் மனிதன் இல்லை. ஆனால் எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்று அது பென்ஸிலால் ஒரு புள்ளி வைத்துக் காட்டுகிறது. புள்ளியைப் பார்க்காமலே நான் வேறு இடத்தில் கிணறு வெட்டிவிட்டேன்.

அம்மாவுக்கு உதவித் தொகை கிடைத்தது. பிட்ஹெஸ் விஷயத்தை அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவுகதான் ரோடு போட்டோம்னு சொன்னாகளே, நீதான் நம்பல" என்றாள்.

'யாருப்பா அது?' என்று அய்யா கேட்டது குத்தல் அல்ல என்று இப்போது தெரிகிறது. நாலு நாள் உட்கார்ந்து தேடியும் தம்மைக் காணாததால், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். என் நாவலுக்கு வந்த விமர்சனங்களில் சரியானது அது ஒன்றுதான்.

வெளிவந்த நாவலை ஐம்பது வருஷம் கழித்துத் திருத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதன் குறைகளும் அதைச் சேர்ந்தவைதான். அப்படியே வரட்டும் என்று பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். முகப்பில் உள்ள அர்ப்பண வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.